கட்டைவிரல் காக்கும் தாளம்: மிசிசிப்பி ஜான் ஹர்ட்டும் சின்ன அரங்கும்

நண்பர்களே,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை என்றால் தொண்டை கிழியப் பாடுவது என்று நினைப்பவர்கள், கிதார் வாசித்துப் பாடிய மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கேட்டால் திகைத்துப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அவருக்கு. 1928இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக மெம்பிசிலும் நியூயார்க்கிலும் பதிவு செய்தார், இசைத்தட்டுகள் ஓடவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் தன் ஊரான அவலான் கிராமத்துக்கே திரும்பி, பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்குக்குப் பயிர் செய்தார். ஒரு பாட்டில் தன் ஊரின் பெயரை வைத்திருந்தார். அதைத் துப்பாகப் பிடித்துக்கொண்டுதான் 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ப்ளூஸ் ஆர்வலர் அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மேடை ஏறினார். பிறகு வாஷிங்டனில் ஒன்டாரியோ பிளேஸ் என்ற காபிக் கடையில் தொடர்ந்து கச்சேரிகள். 1966இல் காலமானார்.

எல்லோரும் விழா மேடையைத்தான் பேசுகிறார்கள். அவர் கலைக்கு ஏற்ற இடம் அந்தக் காபிக் கடை என்பேன். காரணம், அவருடைய வலது கட்டைவிரல்.

கிதாரில் சி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரல் ஐந்தாவது தந்தி, நான்காவது, ஆறாவது, மறுபடி நான்காவது என்று தாளத்தின் நாலு அடிக்கும் மாறி மாறி மீட்டும். ஆறாவது தந்திக்கு வரும்போது இடது மோதிரவிரலை அதன் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) நகர்த்த வேண்டும். மறந்தால் அங்கே ‘ஈ’ சுரம் ஒலித்து அடித்தளம் ஆடிப்போகும். மேல் தந்திகளில் மெட்டை இசைப்பது வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பாடுகிற மெட்டையே தந்தியும் கூடப் பாடும்.

கற்றுக்கொள்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். மெட்டின் சுரம் அடிக்கு நடுவே விழுந்ததும் கட்டைவிரலும் அதன் பின்னால் ஓடிவிடும். ஆகவே கட்டைவிரலை மட்டும் தனியே, பேசிக்கொண்டே வாசிக்க முடிகிறவரை பழகுங்கள். அடுத்து, அடியோடு சேர்ந்து விழும் சுரங்கள். நடுவே விழுபவை கடைசியில். வேகம் தானாக வரும்; வேண்டாமென்றாலும் வரும், அதுதான் தொல்லை.

இப்படி வாசிப்பவரைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டால் முதலில் கெடுவது இந்த அடித்தளம்தான். கிதாரின் துளைக்கு நேராக மைக் வைக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிர்வதால் கட்டைவிரல் ‘பூம்’ என்று பொங்கி மெட்டை விழுங்கும். சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிடும். கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை ஒலிக்கருவியில் வெட்டிவிடுங்கள். ஐம்பது பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அறை என்றால், மைக்கே இல்லாமல் முயன்று பாருங்கள்.

இன்னொன்று, கச்சேரியின் பாட்டு வரிசை. ஹர்ட் பெரும்பாலும் வழக்கமான சுருதியில் வாசித்தார். சில பாட்டுகளுக்கு மட்டும் தந்திகளைத் தளர்த்தினார். திறந்த டி (எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும் சுருதி) என்றால் ஆறு, மூன்று, இரண்டு, ஒன்று ஆகிய நான்கு தந்திகளை இறக்க வேண்டும். இறக்கிய தந்தி சிறிது நேரம் மேலே ஏறப் பார்க்கும், ஏற்றிய தந்தி கீழே சரியும். அதனால் இடைவேளையிலேயே சுருதியை மாற்றி, அந்தச் சுருதிப் பாட்டுகளை ஒரே கொத்தாக, இடைவேளைக்குப் பின் முதலில் வையுங்கள். எந்தத் தந்தியையும் தேவைக்குக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள்.