நாடு என்றால் எவ்வளவு பெரியது?

அவையோருக்கு வணக்கம். நாடு என்றதும் நமக்கு இந்தியா, இலங்கை என்று தேசங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கொல்லிமலை ஏறினால் கதை வேறு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்பவை அங்கே ஊராட்சிகள். மலைமேல் சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு! சிரிக்காதீர்கள், பழைய அளவை விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

புறநானூற்றில் ஔவையார் நிலத்தைப் பார்த்து, நீ நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன, ஆடவர் நல்லவரானால் நீயும் நல்லை என்கிறார். காட்டுக்கு எதிரில் நாட்டை நிறுத்துகிறார் பாருங்கள். காடு திருத்தி, உழுது, ஆள் குடியேறிய நிலம்தான் நாடு. எல்லைக்கோடு பற்றி அங்கே பேச்சே இல்லை.

சோழர் காலத்தில் இதே சொல் நிர்வாகப் பெயராக நிற்கிறது. ஊர்கள் பல சேர்ந்தது நாடு. சில இடங்களில் அதற்கே கூற்றம் என்று பெயர். நாட்டுக்குப் பொறுப்பு நாட்டார், அதாவது நிலமுடைய வேளாண் மக்களின் சபை. அரசன் ஓர் ஊரைக் கோயிலுக்கோ பௌத்த, சமணத் துறவியரின் பள்ளிக்கோ கொடுத்தால் அரச ஓலை நாட்டாருக்கு வரும். அவர்கள் எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைப்பார்கள். அப்புறம் பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நடுவார்கள். செப்பேடுகளில் 'பிடி சூழ்ந்து' என்று வருவது இதைத்தான். ராஜாவின் கொடை ஆனாலும் நாட்டார் நடந்து காட்டினால்தான் எல்லை.

முதலாம் ராஜராஜன் இந்த நாடுகளுக்கு மேலே வளநாடு என்று ஓர் அடுக்கு வைத்து, தன் பட்டங்களையே பெயராகச் சூட்டினான். பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் என்று தலைநகருக்கே முகவரி நீண்டது. பின்னால் வந்த முதலாம் குலோத்துங்கன் சில வளநாடுகளுக்குத் தன் பெயரை மாற்றிப் போட்டான். மேலே பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது. பெரும்பாலும் உள்ளூர்ப் பெயர் தாங்கிய நாடுகளோ அப்படியே இருந்தன. எனக்கு இதுதான் சுவையான இடம்.

மண்டலம் வளநாட்டுக்கும் மேல். தொண்டைமண்டலம் ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆனது. அந்தக் கதையை இன்று விட்டுவிடுகிறேன்.

1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14 முதல் நம் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அந்த நாட்டுக்குள்ளேதான் ஒரத்தநாடு ஒரு வட்டமாக இருக்கிறது. மேலூர்ப் பக்கம் வெள்ளலூர் நாடு என்ற பெயரில் ஊர்கள் சேர்ந்து இப்போதும் திருவிழா எடுக்கின்றன.