உப்புத் தண்ணிய வரைஞ்சு காட்டச் சொல்லுங்க

நேயர்களுக்கு வணக்கம். கெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்குறவங்களுக்கு ஒரு யோசனை. உப்புக் கரைசல்ல ஒரு சொட்டுக்குள்ள அணுவெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும், வரைங்கப்பான்னு பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க. சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியா ஒட்டிக்கிட்டு மிதக்குற மாதிரி நெறைய பேரு வரைவாங்க, சமன்பாடு தப்பில்லாம எழுதுற பசங்களும்தான்!

ஆனா அந்த ஜோடி உப்புக் கல்லுலயே கிடையாது. அங்க இருக்குறது அயனிங்க, அதாவது பிளஸ் இல்ல மைனஸ் மின்சுமை உள்ள அணு இல்ல அணுக்கூட்டம். ஒவ்வொரு பிளஸ் சோடியம் அயனியைச் சுத்தியும் 6 குளோரைடு (மைனஸ் சுமை உள்ள குளோரின் அயனி), ஒவ்வொரு குளோரைடைச் சுத்தியும் 6 சோடியம், இப்படியே அடுக்கடுக்கா போகுது, இதுல யாருக்கு யாரு ஜோடின்னு எப்படிச் சொல்ல? தண்ணி மூலக்கூறு 104.5 டிகிரில வளைஞ்சிருக்கு, அதனால ஆக்சிஜன் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா பிளஸ். உப்போட மூலையிலயும் ஓரத்துலயும் இருக்குற அயனிங்கள பிடிக்க ஆள் கம்மி, அங்கதான் தண்ணி மொதல்ல கை வைக்கும், சோடியத்துக்கு ஆக்சிஜன் பக்கத்தையும் குளோரைடுக்கு ஹைட்ரஜன் பக்கத்தையும் காட்டி ஒவ்வொண்ணா இழுத்து வெளிய கொண்டுவந்து சுத்தி நின்னுக்கும். சர்க்கரைல இந்தப் பிரிவே நடக்காது, மூலக்கூறு முழுசா அப்படியே வந்துடும், கரண்ட கடத்த அயனி இல்ல, அதனாலதான் சர்க்கரைத் தண்ணி வழியா கரண்ட் விட்டா பல்பு எரியாது.

கரண்ட் விடாமலேயே உப்பு தண்ணில அயனியா பிரிஞ்சுதான் கெடக்குன்னு ஸ்வீடன்காரர் அர்ஹீனியஸ் சொன்னப்போ பெரிய விஞ்ஞானிகளே ஒத்துக்கல. 1884ல அவரோட ஆய்வேட்டுக்கு ரொம்ப சுமாரான கிரேடுதான் கெடச்சுது, அப்புறம் 1903ல நோபல் பரிசு. அதனால பசங்க நம்ப மாட்டேங்குறாங்கன்னு கோவப்படாதீங்க.

இப்போ வினைக்கு வருவோம். சில்வர் நைட்ரேட் கரைசல், உப்புக் கரைசல், ரெண்டும் தெளிவாத்தான் இருக்கும், கலந்தா சட்டுனு வெள்ளையா வீழ்படிவு, அதாவது கரையாம அடில படியுற திடப்பொருள். சில்வரும் குளோரைடும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்குற பிடிய தண்ணியால பெருசா பிரிக்க முடியல, சில்வர் குளோரைடு 1 லிட்டர்ல சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். சாதா உப்புன்னா 100 மில்லிலயே 36 கிராம் போகும்!

புத்தகத்துல இதை ஜோடி மாத்திக்கிட்டதா எழுதி, சோடியம் நைட்ரேட்டும் உருவாச்சுன்னு போட்டுடுவாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. சோடியமும் நைட்ரேட்டும் கலக்குறதுக்கு முன்னாடி எப்படித் தனித்தனியா சுத்திக்கிட்டு இருந்துச்சோ அப்படியேதான் இப்பவும் சுத்துது. வீழ்படிவ வடிகட்டிட்டு மிச்சத் தண்ணில என்ன இருக்குன்னு கேளுங்க, சோடியம் நைட்ரேட்னு சொல்ற பையனையும் அதை வரையச் சொல்லுங்க, திரும்ப ஜோடி போட்டான்னா விடாதீங்க. ரெண்டையும் சரியான அளவுல கலந்திருந்தா அந்தத் தண்ணிய முழுசா வத்த வெச்சுக் காட்டுங்க, சோடியம் நைட்ரேட் படிகம் அப்பதான் உருவாகும்.