ஆட்டுக்குட்டியிடம் பேசிய குழந்தை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் பி.எஸ்சி. மனையியல் முடித்திருக்கிறாள். மேற்கொண்டு மனித மேம்பாடும் குடும்பவியலும் எடுத்து எம்.எஸ்சி. படிக்க ஆசை. "டீச்சர், இது கம்பெனியில இருக்கிற ஹெச்.ஆர். வேலைதானே?" என்று கேட்டார் அம்மா. இல்லைங்க, அது மனிதவள மேம்பாடு, இது வெறும் மனித மேம்பாடு என்றேன். "அந்த வளத்துலதானே டீச்சர் சம்பளம் இருக்குது" என்றாள் பெண். இந்தப் படிப்புக்கு அந்த வாய் வேண்டும்.

வயிற்றில் இருக்கிற பிள்ளையிலிருந்து கட்டிலோடு கிடக்கிற தாத்தா வரைக்கும் மனிதர் எப்படி வளர்கிறார், எப்படித் தளர்கிறார், சுற்றி இருக்கிற குடும்பம் அதில் என்ன செய்கிறது, இதுதான் பாடம். டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-லும் நம்ம கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-லும் வந்துவிட்டன. ஆனாலும் மனையியல் என்றால் இன்றைக்கும் "சமையலா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை. என்னிடம் படித்தவர்கள் இந்நேரம் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருப்பார்கள். அத்தனை தடவை கேட்ட கதை.

ரொம்ப வருடத்துக்கு முன்னால், சோமனூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியை, மூலையில் உட்கார்ந்து ஒரு குழந்தையை மட்டும் கவனித்து நோட்டில் எழுதி வா என்று அனுப்பினேன். எழுதி வந்தாள், ஒரே வரி: "நான்கு வயதுப் பெண் குழந்தை. வாய் பேசாது. வளர்ச்சி குறைவு."

சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டேன். "வாய் பேசாதுன்னு யார் சொன்னாங்க?" "அங்கன்வாடி டீச்சர் சொன்னாங்க, மேடம்." "நீ என்ன பார்த்தே?" பதில் இல்லை. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று திருப்பி அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் வந்த நோட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மணி போட்டு எழுதியிருந்தாள். 9.50, பாட்டுக்கு எல்லாரும் கை தட்டினார்கள், இவளும் தட்டினாள், உதடு அசையவில்லை. 10.25, டீச்சர் பெயர் கேட்டார், பாவாடை நுனியைச் சுருட்டினாள். 11.05, வெளியே போனாள், வேலியோரம் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியிடம் "இக்கட ரா, இக்கட ரா" என்றாள்.

வாய் பேசாத குழந்தை ஆட்டுக்குட்டியிடம் தெலுங்கு பேசுகிறது!

விசைத்தறி ஓட்ட ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பம். இரண்டு பேரும் வீட்டுக்குப் போனோம். குழந்தையின் அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உடைந்த தமிழில் அவர் சொன்னது இதுதான்: "நம்ம பேச்சு பேசினா சிரிப்பாங்க, அங்க வாயைத் தொறக்காதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." யோசித்துப் பாருங்கள், அந்த மையத்திலேயே சொன்ன சொல் கேட்கிற குழந்தை அவள்தான்! குழந்தையை அங்கன்வாடியில் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். மீதிப் பாதி அந்தத் தறிக் குடிசையில் இருந்தது. படிப்பின் பெயரில் குடும்பமும் சேர்ந்து நிற்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

அங்கன்வாடி டீச்சர் நல்ல மனசுக்காரர். மறுநாளே தண்ணீருக்கு "நீள்ளு" என்று கற்றுக்கொண்டார். குழந்தைக்குத்தான் சிரிப்பு, டீச்சர் உச்சரிப்பைக் கேட்டு.

பேசாத குழந்தை எல்லாம் தெலுங்குக் குழந்தை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காது கேட்காமல் இருக்கலாம், வேறு சிக்கல் இருக்கலாம், டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அங்கேயும் டாக்டருக்கு உதவுவது இந்த மாதிரி நோட்டுதான். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. மறுபடியும் சொல்லிவிட்டேன், மன்னிக்கணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் மீதி. சரி, வேலைக்கு வருகிறேன்.

அங்கன்வாடிகளை நடத்துகிற ஐ.சி.டி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள். அவற்றை மேற்பார்வை செய்ய ஆள் வேண்டும். அரசுத் தேர்வு அறிவிப்பு வந்தால் கல்வித் தகுதி என்ற இடத்தை நிதானமாகப் படியுங்கள். நம் பட்டத்தைப் பலரும் அங்கே தேடிப் பார்ப்பதே இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பாதுகாப்பு தேவைப்படுகிற குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினருக்கான தகுதியைச் சொல்லும்போது சட்டம், சமூகப்பணி, குழந்தை உளவியல் படித்தவர்களோடு மனித மேம்பாடு படித்தவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. அதை நடத்தவும் படித்த ஆள் வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியராகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: எம்.எஸ்சி. போதாது, அதற்கென்று தனிப் படிப்பும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவும் கட்டாயம்.

சம்பளமா? பல இடங்களில் ஒப்பந்த வேலைதான், சுமார்தான். அதை மறைத்து உங்களைச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. வேலை கேட்டுப் போகும்போது மார்க் ஷீட்டோடு அந்தக் கவனிப்பு நோட்டையும் கொண்டு போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

உண்மையில் நான் எழுதிக்கொண்டு வந்ததில் பாதி முதியோரைப் பற்றி. 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், கோட்டாட்சியர் முன்னால் பெற்ற பிள்ளைமேல் மனுக் கொடுத்துவிட்டு, அதே பிள்ளையின் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்குப் போகிற பெரியவர்கள், அங்கே பேசித் தீர்க்க நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்... ஒரு விரல்தான் காட்டுகிறார்கள். முதியோர் உதவி எண் 14567, குழந்தைகளுக்கு 1098. இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதியோரைப் பற்றி எழுதிய தாள்கள் கைப்பைக்குள்ளேயே இருக்கின்றன. இன்னொரு நாள் கூப்பிட்டால் கொண்டு வருகிறேன். வணக்கம்.