கருவி பிடிப்பவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கண்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். இளைஞர்களுக்கு வெல்டிங் தொழிலை நெடுங்காலம் பயிற்றுவித்தவன் என்ற முறையில், வேலைத்தலங்களில் கண்ணைக் காப்பது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கருவியைப் பிடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும் என்பதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் வெறுங்கண்ணோடு நிற்பவரைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

பரந்தன் சந்தியிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதியால் போகும்போது, வெல்டிங் கடைகளின் வாசலில் இரும்புக் கேற்றுகள் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அத்தகைய கடையொன்றை என்னிடம் பயின்றவர் ஒருவர் நடத்துகிறார். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த அவருடைய மருமகன், உதவிக்கென்று அங்கே வந்து சேர்ந்தான். கேற்றின் மூலை பிசகாமல் இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடிப்பதுதான் அவனுடைய வேலை. மாமனுக்கு முகமூடி இருந்தது. பையனோ, "ஒரு பொட்டு வெல்டிங்தானே மாமா, நான் மற்றப் பக்கம் பார்க்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே அன்றைய பொழுதைக் கழித்துவிட்டான்.

நடுச்சாமத்தில் அவன் எழுந்து, கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல இருக்கிறது என்று அலறினான். பேத்தியார் கண்ணூறு என்றார். தாயார் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார். அயல்வீட்டிலிருந்து தாய்ப்பாலும் வந்தது. பகல் முழுதும் நன்றாக இருந்த பிள்ளைக்கு இரவில் இப்படி வந்தால், கேற்று வேலையை யார்தான் சந்தேகிப்பார்கள்? வெல்டிங் சுடரிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேலுள்ள தெளிந்த படலத்தைச் சுட்டுவிடும். ஆனால் வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்கள் கழித்தே தொடங்கும். இந்தக் காயம் பொதுவாக ஓரிரு நாளில் ஆறிவிடக்கூடியது. பூச்சாறும் பாலும் கிருமியைக் கொண்டு சேர்த்தால்தான் சிறிய காயம் பெரிய வியாதியாகிறது. வைத்தியசாலையில் அவனுக்கு மருந்து கொடுத்தார்கள், கண் தப்பியது.

முகத்தைத் திருப்பினால் போதும் என்ற எண்ணத்தை நான் வகுப்பில் எத்தனை தடவை மறுத்தாலும் அது திரும்பத் திரும்ப முளைக்கும். கடையின் தகரச் சுவரில் பட்டும் அந்தக் கதிர் கண்ணுக்கு வரும். பிடித்து நிற்பவருக்கும் ஒரு முகமூடி வேண்டும். கடைக்கு வருபவருக்குத் தூரம் வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலிமை நான்கிலொன்றாகக் குறையும். இடையில் ஒரு தடித்த கன்வஸ் திரையைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இந்தச் சுடருக்குப் போதவே போதாது.

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரும் அப்படியே. நான்கு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 தடவை சுழலும். அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அங்கிருந்து தெறிக்கும் துகளுக்கு முதலாளி யார், வேடிக்கை பார்ப்பவர் யார் என்று தெரியாது.

இதை நம்மவர்களால் கடைப்பிடிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு போர்க்காலக் கண்ணிவெடிகள் புதைந்திருந்த முகமாலையை நான் காட்டுவதுண்டு. வன்னியின் பெண்கள் பலர் அங்கே கண்ணிவெடி அகற்றும் பணியில், கொளுத்தும் வெயிலிலும் முகக்கவசத்தை உயர்த்தாமல் மண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள். சர்வதேச நியமப்படி அந்தக் கவசம் குறைந்தது 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற்றுக்கு ஈடாக இருக்க வேண்டும். வேலைப்பகுதிக்குள் போகும் விருந்தினரும், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், கவசம் போட்டே போக வேண்டும். அந்த ஒழுங்கு ஒரு வெல்டிங் கடைக்கு வர ஏன் தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

காலபோக அறுவடையில், இயந்திரத்தின் அருகே சாக்குப் பிடிப்பவரின் கண்ணில் நெற்சுணை கீறினால் அதைச் சேலைத் தலைப்பால் துடைக்கக் கூடாது. அந்தக் கீறலில் பங்கசு எனும் பூஞ்சணம் பற்றினால் கண்ணில் வெள்ளை விழுந்து பார்வையே போகலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்ரீரொயிட் சொட்டு மருந்து, முதலில் சுகம் போலக் காட்டிப் பின்னர் நோயை வளர்த்துவிடும். சிவப்பும் வலியும் இருந்தால் அன்றே கண் வைத்தியரிடம் போய்விடுங்கள்.

தயாரிப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். பற்றரி அமிலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரமில்லை. சுண்ணாம்பு, சீமெந்து பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அவை கண்ணில் பட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். பட்டவருக்கு இமையைத் திறக்க முடியாது. ஆகவே பக்கத்தில் நிற்பவரே அவருடைய இமைகளை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். வைத்தியசாலைக்கு வாகனம் தேடுவது அதற்குப் பிறகுதான்.