மண்வெட்டியோடு வந்தவருக்கே மடை

(பாசன சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, காலை முதல் இந்தப் பந்தலை விட்டு நகராமல் ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, நீர்வளத் துறையிலிருந்து வந்திருக்கும் பொறியாளர் ஐயா அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்து சிறப்பித்த பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, தலைமடையிலிருந்தும் கடைமடையிலிருந்தும் வந்திருக்கும் உழவர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். கடைமடைக்காரர்களை முன்வரிசையில் அமரவைத்த தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி. தண்ணீரிலும் அவர்களுக்கு இந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் லூயிஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரார் வாய்க்கால் வெட்டிய கதை, அதைச் சுற்றி எழுந்த சட்டம், அவர்கள் இழந்து மீட்ட மலையுரிமை என மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1848 வரை அந்த நிலம் மெக்சிகோவின் ஆட்சியில் இருந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் ஏக்கர் கொண்ட ஒரு நிலக்கொடை கார்லோஸ் போபியன் என்பவர் கைக்கு வந்தது. அவர் தெற்கே, இன்றைய நியூ மெக்சிகோ மாநிலத்தின் தாவோஸ் பகுதியிலிருந்து ஸ்பானிய மொழி பேசும் உழவர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்தினார். 1851-இல் ஊர் எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,000 அடி உயரம், மழை குறைவு, மலைப்பனி உருகி ஓடிவரும் கூலெப்ரா ஓடையே கதி. வந்தவர்கள் ஊராகக் கூடி வாய்க்கால் வெட்டினார்கள். 'சான் லூயிஸ் மக்கள் வாய்க்கால்' என்பதே அதன் பெயர். அதன் நீருரிமை கணக்கிடப்படும் நாள் 1852 ஏப்ரல் 10. கொலராடோ மாநிலம் பிறந்ததே 1876-இல்தான் என்றால், மாநிலத்தைவிட வாய்க்கால் 24 ஆண்டு மூத்தது. அதில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

இத்தகைய வாய்க்காலை அவர்கள் 'அசேக்கியா' என்பார்கள். அரபுச் சொல் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்த சொல் அது. வாய்க்காலுக்கு ஒரு 'மயோர்தோமோ' உண்டு. நம் ஊர் வழக்கில் நீர்க்கட்டி, அதாவது வாய்க்காலைக் கவனித்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர். இளவேனிலில் தண்ணீர் வருமுன் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். இன்னார்க்கு இவ்வளவு நீளம் என்று அளந்துவிடுவது அவர் பொறுப்பு.

இதைப் படித்தபோது என் கண்முன் நின்றவர் எங்கள் ஊர் நீர்க்கட்டித் தாத்தா. அவர் மண்வெட்டிப் பிடியில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள் இருக்கும். மூன்றாவது கோடுவரை சேறு எடுத்தால்தான் வேலை முடிந்ததாக ஒப்புவார். ஒரு வருடம் ஆடி மாதத் தூர்வாரலுக்கு வசதியான வீட்டு இளைஞர் ஒருவர் வரவில்லை. ஆள் கூலியைக் கொடுத்தனுப்பினார், தாத்தா வாங்கவில்லை. தண்ணீர் வந்தது, எல்லார் வயலுக்கும் பாய்ந்தது, அந்த ஒரு மடை மட்டும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அந்த இளைஞர் தாமே மடையைத் திறந்துகொள்ளப் போனார். அங்கே அரிக்கேன் விளக்கைத் திரி தாழ்த்தி வைத்துவிட்டு, மடைமேல் சாக்கு விரித்துத் தாத்தா படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தவர் கோபப்படவில்லை. "தம்பி, தண்ணி உங்களுதுதான். மண்வெட்டி எங்கே?" என்று மட்டும் கேட்டார். விடியும்முன் அந்த இளைஞர் மண்வெட்டி எடுத்துவந்து, தமக்குரிய பத்து முழத்தையும் தாமே வெட்டினார். அடுத்த ஆண்டிலிருந்து தூர்வாரலுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். இதை அவரே என்னிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறார். தாத்தா போனபின் அந்த வாய்க்காலுக்கு நீர்க்கட்டி இல்லை. அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது என்பார்கள். வழக்கங்களும் அப்படித்தான் கரை கடக்கின்றன.

சட்டத்துக்கு வருகிறேன். முந்தி எடுத்தவருக்கே முந்திய உரிமை என்று 1876-இல் கொலராடோ தன் அரசமைப்பில் எழுதிக்கொண்டது. வறட்சி வந்தால் மூத்த உரிமைக்காரர் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம்; இளையவர் காய வேண்டியதுதான். அந்தக் கணக்கில் முதலிடம் மக்கள் வாய்க்காலுக்கே. ஆனால் அசேக்கியா மரபோ பற்றாக்குறையையும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்கிறது. நிலம் எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அந்த மரபுக்கு 2009-இல் மாநிலச் சட்டமே இடம் தந்தது.

இடையில் அவர்கள் இழந்ததும் உண்டு. விறகு, மரம், மேய்ச்சல் ஆகியவற்றுக்கு மலையைப் பயன்படுத்தும் உரிமையை 1863-இல் போபியன் எழுத்தாகத் தந்திருந்தார். 1960-இல் ஜாக் டெய்லர் என்ற மர வணிகர் ஏறக்குறைய 77,000 ஏக்கர் மலையை வாங்கி வழியை அடைத்தார். அணை கடந்த வெள்ளம் என்று அவர்கள் அழுதுவிட்டு இருந்துவிடவில்லை. 1981-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுடைய உரிமையை ஏற்றது. வழக்கில் மட்டும் இருபத்தொரு ஆண்டுகள் தளராமல் நின்றிருக்கிறார்கள்!

பெரியோர்களே, நம்மிடமும் ஊரார் தாமே கூடி ஏரி, வாய்க்காலைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து இருந்தது. அது தேய்ந்தபோது 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. சட்டத்தால் மனிதரை வாய்க்காலில் இறக்க முடியவில்லை. இன்று இயந்திரம் வந்து தூர்வாருகிறது. அதற்கு நான் எதிரியல்லன், பொறியாளர் ஐயா செய்திருக்கும் பணிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இயந்திரம் போனபின் மடையில் யார் படுப்பது? இந்தச் சங்கம் ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் ஒரு நீர்க்கட்டியை அமர்த்த வேண்டும். அவருக்குரிய கூலியை ஏக்கர் கணக்கில் நாமே தர வேண்டும். முறைத் தண்ணீரை அவர் கடைமடையிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். தலைவர் அவர்கள் அனுமதித்தால் இப்போதே கை உயர்த்திக் கேட்கலாம்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தலைமதகில் இருப்பேன். செயலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். வருபவர்கள் பெயரையும் வாய்க்கால் பெயரையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். மண்வெட்டி அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். வணக்கம்.