கல்யாணத்தை முடிவு செய்வது சொத்தே!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, அவையோரே, வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் குடும்ப நாவல்களில் கல்யாணத்தை முடிவு செய்வது காதலா, சொத்தா என்பது இன்றைய வழக்கு. எங்கள் அணி சொத்தே என்கிறது. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, 1813-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத் பென்னட்டைச் சாட்சிக்கு அழைத்தார். பெண் கேட்டு வந்த காலின்ஸை வேண்டாம் என்றாள், ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் முதலில் மறுத்தாள், ஆகவே காதலே வென்றது என்றார். அவளுடைய துணிச்சலை நானும் வணங்குகிறேன். ஆனால் அது எத்தனை பெரிய துணிச்சல் என்பது, கணக்குப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

எலிசபெத்தின் தந்தை பென்னட்டின் நிலம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு தருகிறது. நிலமும் வீடும் ஆண் வாரிசுக்கே என்று கட்டிவைக்கப்பட்டவை. பிறந்த ஐந்தும் பெண் என்பதால், அவர் காலத்துக்குப் பின் எல்லாம் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போகும். மனைவிக்கும் மகள்களுக்கும் கல்யாண ஒப்பந்தத்தில் எழுதிவைத்தது 5,000 பவுண்டுதான். பெண் கேட்க வந்த இடத்திலேயே காலின்ஸ் இதை எடுத்துச் சொல்கிறார்: உன் பங்கு 1,000 பவுண்டு, 4 சதவீதப் பத்திரத்தில் கிடக்கிறது, அதுவும் உன் தாய் காலத்துக்குப் பிறகுதான். அதே வட்டியில் 5,000-க்கு ஆண்டுக்கு 200 பவுண்டு வரும். ஆறு பெண்கள், பழைய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, குடியிருக்க வீடும் இல்லை!

இந்த நிலை ஏன் வந்தது? மகன் பிறப்பான், வயது வந்ததும் தந்தையோடு சேர்ந்து வாரிசுக் கட்டை உடைத்துவிடுவான் என்று பென்னட் நம்பினார். சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. மகன்தான் பிறக்கவில்லை. ஆண்டுக்கு 200 பவுண்டு ஒதுக்கியிருந்தால் இருபது ஆண்டில் முதல் மட்டுமே 4,000 சேர்ந்திருக்கும். அவர் வருமானம் முழுவதையும் செலவழித்தார். பென்னட் அம்மாளைப் பார்த்து வாசகர்கள் சிரிக்கிறார்கள். அவருக்கும் சிக்கனம் தெரியாது, உண்மை. ஆனால் அவருடைய பயம் நூற்றுக்கு நூறு நியாயமானது. எலிசபெத் மறுத்த அதே காலின்ஸுக்குச் சில நாள்களிலேயே அவள் தோழி ஷார்லட் சம்மதம் சொல்கிறாள். வயது 27, கையில் சொத்து இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு வீடு. அதை அவளே சொல்கிறாள்.

இதைவிட நெஞ்சைச் சுடுவது 1811-இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயம். தங்கைகளையும் அவர்கள் தாயையும் கவனித்துக்கொள் என்று தந்தை மரணப்படுக்கையில் கேட்டிருக்கிறார். ஜான் டாஷ்வுட் மூன்று தங்கைகளுக்கும் ஆளுக்கு 1,000, மொத்தம் 3,000 பவுண்டு தர நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். முதலில் அது ஆளுக்கு 500 ஆகிறது. பிறகு, தங்கைகளுக்கு வேண்டாம், சிற்றன்னைக்கு ஆண்டுக்கு 100 என்று ஆகிறது. அவளோ நாற்பது வயதுகூட ஆகாத, திடமான பெண். பதினைந்து ஆண்டு இருந்துவிட்டால் நமக்குத்தான் நஷ்டம் என்கிறாள் ஃபேனி. அடுத்து, அவ்வப்போது ஒரு 50 பவுண்டு. கடைசியில் வீடு மாற உதவுவதும், பருவத்தில் மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புவதும் போதும் என்று முடிகிறது. அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் செட் நம்முடையதைவிட அழகு என்ற குறை வேறு! ஒரு கொடுஞ்சொல்லும் இல்லை, எல்லாம் கணவன் மனைவி பேச்சு. அங்கேயே மூன்று பெண்களின் கல்யாணச் சந்தை மதிப்பு தீர்மானமாகிவிட்டது.

கல்யாணமானால் பெண்ணின் கைப்பணம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்கள் வந்துதான் அது மாறியது. அதனால்தான் விவரமான குடும்பங்கள் மகளின் பணத்தை முன்கூட்டியே அறங்காவலர் பொறுப்பில் எழுதிவைத்தன.

இனி எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். எலிசபெத் மேல் வைத்த காதலால் டார்சி அவள் குடும்ப மானத்தைக் காத்தான் என்றார்கள். எப்படிக் காத்தான்? எலிசபெத்தின் தங்கை லிடியாவை அழைத்துக்கொண்டு ஓடிய விக்கம், முன்பு 30,000 பவுண்டுக்கு உரிய டார்சியின் தங்கையோடு ஓடப் பார்த்தவன். லிடியாவை மணக்கும் எண்ணமே அவனுக்கு இல்லை. டார்சி அவனுடைய கடனை, 1,000 பவுண்டுக்கு மேல், அடைத்தான். லிடியா பெயரில் அவள் பங்கோடு இன்னொரு 1,000 எழுதிவைத்தான். ராணுவப் பதவியையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தான். காதல் அவனை லண்டன் வரை அனுப்பியது, மறுக்கவில்லை. விக்கமைத் தேவாலயம் வரை கொண்டுவந்தது எது? டார்சியிடம் அந்தப் பணம் மட்டும் இல்லாதிருந்தால், ஓடிப்போனவளின் அக்காள்களான ஜேனையும் எலிசபெத்தையும் எந்தக் குடும்பம் ஏற்றிருக்கும்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.