விடுதலைக்குப் பிறகும் தொடரும் நிரூபணச் சுமை

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

செய்யாத குற்றத்துக்காகப் பல ஆண்டுகள் சிறையில் இருந்த ஒருவர், மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்த பின் அரசிடம் இழப்பீடு கேட்டால் என்ன நடக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு இங்கிலாந்தின் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். இழப்பீட்டுக்கென்றே அங்கே ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. ஆனால் இழப்பீடு கேட்டு வருவோரில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவதும் அதே பிரிவுதான்.

குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 14(6)ஆம் பிரிவை நிறைவேற்றும் பொருட்டு, 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தில் 133ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. புதிதாகத் தெரியவந்த ஓர் உண்மையால் தண்டனை ரத்தாகி, நீதி பிறழ்ந்தது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டால், இழப்பீடு தரவேண்டும் என்றது அப்பிரிவு. 'நீதிப் பிறழ்வு' எது என்ற கேள்விக்கு 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற குறுகிய பெரும்பான்மையில், விடை சொன்னது. புதிய உண்மை அரசுத் தரப்பின் சாட்சியத்தை முற்றிலும் குலைத்து, அதை வைத்து எவரையும் தண்டிக்க முடியாது என்ற நிலை உண்டாகிவிட்டால் அதுவும் நீதிப் பிறழ்வே என்று அந்நீதிமன்றம் கருதியது. 2014இல் நாடாளுமன்றம் அந்தக் கதவை மூடியது. விண்ணப்பித்தவர் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்பதைப் புதிய உண்மையானது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினால் மட்டுமே இழப்பீடு என்று திருத்தம் வந்தது. வழக்கு விசாரணையில் அரசின் தோளில் இருந்த அதே சுமை, விடுதலைக்குப் பின் சிறைமீண்டவரின் தோளுக்கு மாறிவிட்டது.

விக்டர் நீலன் இச்சுமையைச் சுமந்தவர். பாலியல் வன்தாக்குதல் முயற்சிக்காக 1997இல் ஆயுள் தண்டனை பெற்ற அவர், ஏழு ஆண்டுகளுக்குப் பின் பரோலில் வெளிவர வழி இருந்தும், குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்ததால் பதினேழு ஆண்டுகள் உள்ளேயே இருந்தார். பின்னர் நடந்த சோதனையில், பாதிக்கப்பட்ட பெண்ணின் உடையில் வேறொரு ஆணின் டி.என்.ஏ. இருப்பது தெரியவந்தது. 2013 டிசம்பரில் அவரது தண்டனை ரத்தாயிற்று. ஆனால் இழப்பீடு மறுக்கப்பட்டது. அந்த டி.என்.ஏ. தாக்கியவனுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்பதே காரணம். பதினேழு வயதில் கைதாகி, 2005இல் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று, ஏழாண்டுகளுக்குப் பின் 2012இல் விடுதலையான சாம் ஹாலமும் இதே பதிலைத்தான் பெற்றார்.

இருவரும் வழக்குத் தொடுத்தார்கள். ஒருவரைக் குற்றமற்றவர் என்றே நடத்தவேண்டும் என்ற கொள்கை இழப்பீட்டு அலுவலகத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறதா என்பதுதான் அவர்கள் எழுப்பிய வினா. 2019இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்றும், 2024 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு பன்னிரண்டுக்கு ஐந்து என்றும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. இழப்பீட்டை மறுப்பது அவரைக் குற்றவாளி என்று சொல்வதாகாது என்பது பெரும்பான்மையினரின் வாதம். தர்க்கமாக இது நிற்கலாம். ஆனால் பதினேழு ஆண்டுகளை இழந்தவரிடம், "நீ குற்றவாளி என்று நாங்கள் சொல்லவில்லை, குற்றமற்றவன் என்று நீ இன்னும் காட்டவில்லை" என்று ஓர் அரசு கடிதம் எழுதுவதை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்ட நுணுக்கத்தால் தப்பியவருக்குப் பொதுப்பணம் போய்விடக்கூடாது என்று இத்திருத்தத்தை ஆதரிப்போர் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் உரிய காலத்துக்குள் செய்த வழக்கமான மேல்முறையீட்டில் வென்றவர்களுக்கு 133ஆம் பிரிவு முன்பும் உதவியதில்லை. காலங்கடந்து, புதிய உண்மை வெளிப்பட்டதாலேயே விடுதலையானவர்களுக்கு மட்டுமே அது உரியது. நுணுக்கத்தால் தப்பியவர்களை அந்த வடிகட்டி ஏற்கெனவே பெரும்பாலும் விலக்கிவிடுகிறது.

இந்த அளவுகோலைத் தாண்ட உண்மை மட்டும் போதாது, நல்வாய்ப்பும் வேண்டும். ஆண்ட்ரூ மால்கின்சனின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2004இல் பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்ற அவரும் பதினேழு ஆண்டுகள் சிறையில் இருந்தார். பாதிக்கப்பட்டவரின் உடைகளைக் காவல்துறை பாதுகாத்து வைக்கவில்லை. ஆய்வக ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்ட மாதிரிகளில் இருந்துதான் வேறொருவரின் டி.என்.ஏ. அடையாளம் காணப்பட்டு, 2023 ஜூலையில் அவரது தண்டனை ரத்தாயிற்று. அந்த மாதிரிகளும் அழிந்திருந்தால்? அவர் அதே அளவு குற்றமற்றவராகவே இருந்திருப்பார். நிரூபிக்க மட்டும் எதுவும் இருந்திருக்காது. சாட்சியப் பொருள்கள் இருப்பது அரசின் கையில். அவற்றைத் தொலைத்தவரிடம் கேட்காமல், தொலைத்ததால் இழந்தவரிடம் நிரூபணம் கேட்கிறது இச்சட்டம்.

மால்கின்சனுக்கும் இழப்பீட்டின் இடைக்காலத் தொகை வந்தது 2025 பிப்ரவரியில்தான். சிறையில் உண்ட உணவுக்கும் தங்கிய இடத்துக்கும் இழப்பீட்டில் பணம் பிடித்துக்கொள்ளும் விதி 2023 ஆகஸ்டில்தான் நீக்கப்பட்டது. மொத்த இழப்பீட்டுக்கான உச்சவரம்பு, பத்தாண்டுகளோ அதற்கு மேலோ சிறையில் இருந்தவர்களுக்கு, 2008 முதல் பத்து லட்சம் பவுண்டாக இருந்தது. 2025இல்தான் பதின்மூன்று லட்சமானது.

நம் நாட்டிலோ இப்படியொரு பிரிவே இல்லை. நீதிமன்றம் விடுவித்த பின்னும் பதினான்கு ஆண்டுகள் பீகார் சிறையில் வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷாவுக்கு 1983இல் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பைப் பயன்படுத்தி இழப்பீடு வழங்கியது. அன்று முதல் இது நீதிமன்றத்தின் விருப்புரிமையாகவே நிற்கிறது. 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் தனிச் சட்ட ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. ஆனால் காவல்துறையோ அரசுத் தரப்போ தீய நோக்கத்தோடு அல்லது நல்லெண்ணமின்றிச் செயல்பட்டது என்பதை விண்ணப்பதாரர் காட்டவேண்டும் என்று அங்கேயும் சுமை அவர் மேலேயே விழுகிறது. நேர்மையான தவறால் பத்தாண்டு சிறை சென்றவர் அதில் அடங்கமாட்டார்.

நாம் சட்டம் இயற்றும் நாளில், புதிய உண்மையால் தண்டனை ரத்தானதே இழப்பீட்டுக்குப் போதுமான அடிப்படை என்று தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. அவர் உண்மையில் குற்றம் செய்தவரே என்று அரசு நம்பினால், அதைத் திறந்த நீதிமன்றத்தில் வாதிட்டு மறுக்கும் பொறுப்பு அரசுக்கே இருக்கட்டும். சாட்சியப் பொருள் அரசின் பாதுகாப்பில் அழிந்திருந்தால், அந்த அழிவின் விளைவு விண்ணப்பதாரருக்கு எதிராகக் கொள்ளப்படக்கூடாது என்பதையும் சட்டத்தின் வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும்.